கட்டிலை விட்டு எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது: டெல்டா கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கேஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) ரிஜிஸ்டரின் கடைசிப் பத்தியில் நாங்கள் எழுதும் சொற்கள் நான்கைந்துதான். அட்மிட்டட், ரெஃபர்டு, டிஸ்சார்ஜ்டு, எக்ஸ்பயர்டு, அப்புறம் சிவப்பு மையில் அப்ஸ்காண்டட். நோயாளி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று பொருள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திருநங்கைக்கு அப்படி எழுதினேன். எலி பேஸ்ட் சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பது மணிக்குத் தானே நடந்து வந்தார். வாந்தி இருந்தது, வயிற்று வலி இருந்தது. காலையில் எல்லாம் அடங்கி, பக்கத்துக் கட்டில் பாட்டியிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மதியம் ஆண்கள் வார்டுக்கு மாற்றினோம். பார்வையாளர் நேரத்தில் வந்தவர்கள் தங்கள் நோயாளியைப் பார்த்த கையோடு இவரையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். சாயங்காலம் ஊசி போடப் போனபோது கட்டில் காலி. டிரிப் குழாய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் கண் மஞ்சளாகத் திரும்பி வந்தார். தஞ்சாவூருக்கு எழுதி அனுப்பினோம். அங்கே பிழைக்கவில்லை.

எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸின் குணம் அது. முதல் நாள் வயிற்றைப் புரட்டும். அடுத்த ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அந்த அமைதிக்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அந்த இரண்டு நாளும் அவரைக் கட்டிலில் வைத்திருக்க வேண்டியது எங்கள் வேலை. நாங்கள் வைத்திருக்கவில்லை.

ஆகவே புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸ், சி.ஆர்.ஆர்.ஐ (பயிற்சி மருத்துவர்), 108 வண்டியில் வரும் தம்பி தங்கைகள் என எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பால்புதுமையர் ஒருவர் அவசர சிகிச்சைக்கு வந்தால், சிகிச்சை முடியும்வரை அவர் எழுந்து போகாதபடி பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அதற்காகத்தான். பால்புதுமையர் என்ற சொல் புதிதாக இருந்தால், திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்), தன்பாலீர்ப்பாளர், ஊடுபாலினர் (ஆண், பெண் வகைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறந்தவர்) எல்லோரையும் சேர்த்துச் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் தமிழ்நாடு அரசே இத்தகைய சொற்களைப் பட்டியலிட்டு அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. பழைய வசவுச் சொற்களுக்கு இனி சாக்கு கிடையாது.

உடம்பு முதலில், அட்டை பிறகு

வாசலில் டிரயாஜ் (அவசரத்தைப் பொறுத்துத் தரம் பிரிப்பது) செய்யும்போது சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றே நிறம்தான். விபத்து, அவசர சிகிச்சைக்கான அரசின் தாய் (TAEI) திட்டத்தில் உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு என்ற வரிசை யாருக்கும் மாறாது. ஆனால் வரிசை மாறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இரு சக்கர வண்டியில் விழுந்து மணிக்கட்டு உடைந்து வந்த திருநங்கை ஒருவரிடம் ஒரு பயிற்சி மருத்துவர் முதலில் கேட்டது, “ஆபரேஷன் பண்ணியாச்சா?” மணிக்கட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? காய்ச்சல், பாம்புக்கடி, எலும்பு முறிவு என்று வருபவர்தான் அதிகம். அவர்களுக்கு அந்தந்த வைத்தியம் போதும்.

ஆதார் இல்லை, காப்பீட்டு அட்டை இல்லை, வீட்டை விட்டு வந்ததால் எந்தக் காகிதமும் இல்லை என்பார்கள். பரவாயில்லை. போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் உயிர் காக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989லேயே சொல்லிவிட்டது. சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டில் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டாம். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தவர் என்று அது பார்ப்பதில்லை. நடவுக்கு வடக்கே இருந்து வந்திருக்கும் பையனுக்கும் அது பொருந்தும். இதை நோயாளியிடம் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். செலவுக்குப் பயந்தும் பாதியில் எழுந்து போகிறார்கள்.

பெயர்

“உங்களை எப்படிக் கூப்பிடணும்?” இந்த ஒரு கேள்வி போதும். சொன்ன பெயரால் கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு நடுவே ஓ.பி. சீட்டைப் பார்த்து “முருகேசன் யாரு?” என்று கத்தினால், சேலை கட்டிய ஒருவர் எழுந்து வருவதை நாற்பது பேர் பார்ப்பார்கள். அடுத்த முறை அவர் வரமாட்டார்.

அதற்காகப் பதிவேட்டில் வெறும் விருப்பப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். புதியவர்கள் நல்ல மனதோடு செய்யும் தவறு இது. அட்டையில் ஒரு பெயர், ரத்த மாதிரியில் ஒரு பெயர், கேஸ் ஷீட்டில் இன்னொரு பெயர் என்றால் ரத்தம் ஏற்றும்போது ஆபத்து. காப்பீட்டு அனுமதியும் நின்றுபோகும். நான் செய்வது: அட்டையில் உள்ள பெயரைப் பதிவுக்கு எழுதி, அதன் கீழே “அழைக்கும் பெயர்” என்று சேர்ப்பேன். ரத்த மாதிரி, எக்ஸ்ரே எல்லாவற்றிலும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணைப் பெரிதாக எழுதுவேன். லேபிலும் ஸ்கேனிலும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அவர்களுக்கும் அதுதான் வசதி.

அவனா அவளா என்று குழம்பத் தேவையே இல்லை. நம் மொழியில் மரியாதையாகப் பேசினால் ஆண் பெண் வேறுபாடு மறைந்துவிடும். “அவங்க வந்தாங்க, வாந்தி எடுத்தாங்க, இப்ப தூங்குறாங்க.” டூட்டி மாற்றும்போது இப்படியே சொல்லுங்கள். மரியாதை இல்லாமல் பேச நினைக்கும்போதுதான் அவன், அவள் தேவைப்படுகிறது. திருநங்கையை “அக்கா” என்றோ “வாங்கம்மா” என்றோ கூப்பிடுவதில் எங்கள் ஊரில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. கேஷுவாலிட்டிக்குள் வந்ததும் மட்டும் ஏன் வாய் மாறுகிறது என்று தெரியவில்லை.

முகவரிக்கு வருவோம். டெல்டா கிராமங்களில் “எந்தத் தெரு?” என்று கேட்டால் அது முகவரிக் கேள்வி மட்டுமல்ல. பதிலில் சாதி வந்துவிடும். கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். காலனியிலிருந்து வரும் ஒரு திருநம்பி ஏற்கெனவே இரண்டு விஷயங்களை மறைத்துக்கொண்டு நிற்கிறார். மூன்றாவதாக இதையும் வாசலில் வைத்து அவிழ்க்கச் சொல்லாதீர்கள். ஊர், தாலுகா, கைபேசி எண் போதும்.

திரை

இது சின்ன விஷயமாகத் தெரியும். என் அனுபவத்தில் இதுதான் பாதி வேலை.

பூச்சிமருந்து குடித்தோ மேலே கொட்டிக்கொண்டோ வருபவரின் துணியை உடனே களைந்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தோல் வழியாகவும் மருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இதில் தாமதம் கூடாது. ஆனால் நடுக் கூடத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு திருநங்கையின் சேலையை உருவினால், விஷத்தில் பாதி மயங்கி இருப்பவரும் கையை உதறித் தள்ளுவார். பிறகு கேஸ் ஷீட்டில் “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதுவோம்.

எங்களிடம் உள்ள திரைச் சட்டங்களில் பாதிக்குத் துணி இருக்காது. நான் இரண்டு டிரிப் ஸ்டாண்டுகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் பெட்ஷீட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுவேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்ளே தேவையான இருவர் மட்டும். “மருந்து துணியில இருக்கு, கழுவணும், நான் மூடிக்கிட்டே கழுவுறேன்” என்று சொல்லிவிட்டு, மேலே ஒரு போர்வையைப் போட்டு அதற்குள் துணியைக் களைவேன். கையுறை போட மறக்காதீர்கள். சவரி முடி வைத்திருந்தால் அதிலும் மருந்து ஊறியிருக்கும், எடுத்தே ஆக வேண்டும். எடுத்த உடனே தலையில் ஒரு துண்டைச் சுற்றுங்கள். எடுத்ததைப் பையில் கட்டி அவர் பெயரெழுதி வையுங்கள், குப்பையில் போடாதீர்கள். ஒரு நல்ல சவரியின் விலை அவருடைய பல நாள் வருமானம்.

திருநம்பிகள் மார்பை இறுகக் கட்டியிருப்பார்கள். சிலர் கடையில் வாங்கிய பைண்டர், சிலர் வெறும் துணி அல்லது எலாஸ்டிக் பாண்டேஜ். மூச்சுத் திணறல் இருந்தால் அதைத் தளர்த்த வேண்டும். இ.சி.ஜி. எடுக்கவும் அவிழ்க்க வேண்டியிருக்கும். காரணத்தைச் சொல்லி, முடிந்தால் அவரையே அவிழ்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் உடனே மூடுங்கள். நினைவில்லாதவர் என்றால் கத்தரிக்கலாம், ஆனால் மூடுவதில் மாற்றமில்லை.

கேட்க வேண்டியதும் வேண்டாததும்

ஒரு கேள்வி கேட்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு வரும் பதிலால் என் சிகிச்சை மாறுமா? மாறினால் கேளுங்கள், திரைக்குள், தணிந்த குரலில், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு. மாறாது என்றால் அது வெறும் ஆர்வம்.

சிகிச்சையை மாற்றும் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஹார்மோன். “மாத்திரை, ஊசி ஏதாவது எடுத்துக்கிறீங்களா?” என்று கேளுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கருத்தடை மாத்திரையை வாங்கி அளவுக்கு மேல் சாப்பிடும் திருநங்கைகள் உண்டு. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜனால் காலில் ரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீக்கம், ஆக்ஸிஜன் அளவு குறைவு என்று வந்தால் அதைப் “பதற்றம்” என்று எழுதி ஓரமாக உட்காரவைக்காதீர்கள். ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் கூடலாம், இ.சி.ஜி. பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் திருநம்பிக்கு ஹீமோகுளோபின் ஆண்களின் அளவுக்கு உயரும். பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டுத் திகைக்க வேண்டாம், அதே சமயம் மிக அதிகமாக இருந்தால் விடவும் வேண்டாம்.

கர்ப்பம். தாடி வைத்த திருநம்பிக்கு அடிவயிற்று வலி என்றால், கர்ப்பப்பை இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் சிறுநீர் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து ஆகாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வரும்போது யாரும் அதை நினைக்காததால் நேரம் வீணாகும்.

சிறுநீர் அடைப்பு. நிர்வாணம் (ஆணுறுப்பை அகற்றிக்கொள்வது) செய்துகொண்டவர்களுக்கு, முக்கியமாகத் தாயம்மா (டாக்டர் அல்லாமல் அதைச் செய்யும் மூத்த திருநங்கை) கையால் செய்துகொண்டவர்களுக்கு, சிறுநீர் வரும் துளை நாளடைவில் சுருங்கிப் போவதுண்டு. சிறுநீர் கட்டி, அடிவயிறு கல்லாகி வருவார்கள். வழக்கமான அளவு கதீட்டரை எடுத்து அழுத்தாதீர்கள். சன்னமானதை ஒருமுறை மெதுவாக முயலுங்கள், போகவில்லை என்றால் நிறுத்தி சர்ஜனைக் கூப்பிடுங்கள். தேவைப்பட்டால் அவர் அடிவயிற்றின் வழியே குழாய் வைப்பார். புதிய காயத்தோடு, அதற்குப் பின் ஓய்வில் இருக்கும் நாற்பது நாள் முடியாமல், காய்ச்சலும் சீழுமாக வருபவர் மிகத் தாமதமாகத்தான் வருவார், போலீஸ் வருமோ என்ற பயத்தில். “யாரு வெட்டினது?” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எத்தனை நாள் ஆயிற்று, ரத்தம் எவ்வளவு போயிற்று, சிறுநீர் வருகிறதா, இவை போதும். டெட்டனஸ் ஊசியும் மறக்கக் கூடாது.

எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது தெரிய வேண்டும், ஏனென்றால் உள்நோயாளியாக இருக்கும்போது அது ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஆனால் கட்டில் தலைமாட்டில், கேஸ் ஷீட் அட்டையில், சிவப்பு வட்டம், பெருக்கல் குறி என்று எதையும் போடக் கூடாது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும், நிலையை வெளியே சொல்வதும், சிகிச்சை மறுப்பதும் தவறு. கையுறை எல்லா நோயாளிக்கும்தான். ஒருவருக்கு மட்டும் இரண்டு ஜோடி போட்டால் வார்டுக்கே புரிந்துவிடும்.

குடி. பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் படுத்துக்கொள்பவர்களிடம் கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேளுங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, குழம்பிப் பேசினால் அது குடி நின்றதால் வருவது. “பைத்தியம்” என்று கட்டிப்போட ஓடாதீர்கள்.

விஷம் குடித்து வந்தால்

எங்கள் பக்கத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் ஏதாவது இருக்கும். வயலுக்கு வாங்கியது, எலிக்கு வாங்கியது, வேலியோர அரளி. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும் மாதங்களில் இரண்டு பெண்கள் ஒன்றாகவே வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கொருவர் யார் என்று கேட்டால் “ஃபிரண்டு” என்பார்கள். அதற்கு மேல் தோண்ட வேண்டாம். ஆனால் இருவரையும் தனித்தனி ஆஸ்பத்திரிக்குப் பிரித்து அனுப்பச் சொல்லி உறவினர் வற்புறுத்தினால், மருத்துவக் காரணம் இல்லாமல் செய்யாதீர்கள். ஒருத்தி பிழைத்தாளா என்று தெரியாத இன்னொருத்தி கட்டிலில் இருக்க மாட்டாள்.

மருத்துவமாகச் சொன்னால்: உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பூச்சிமருந்துக்கு எச்சில், வியர்வை, சுருங்கிய கண்மணி பார்த்து முறிமருந்தான அட்ரோபின் தொடங்குவது டாக்டரின் வேலை, அடிக்கடி நெஞ்சின் இரைச்சலைக் கேட்டு எழுதுவது உங்கள் வேலை. அரளிக்கு இதயத் துடிப்பு திடீரென்று தடுமாறும், மானிட்டரை விட்டு நகர்த்தாதீர்கள். எலி பேஸ்ட்டுக்கு மேலே சொன்னதுதான். “நல்லா இருக்கேன் சிஸ்டர், போறேன்” என்பவரிடம் உட்கார்ந்து விளக்குங்கள்: “இது ரெண்டு நாள் ஏமாத்தும். மூணாவது நாள்தான் காட்டும். தினமும் ரத்தம் பாக்கணும்.” எழுதியும் கொடுங்கள்.

போலீஸ் வழக்கு வருமோ என்ற பயம் பெரிய பயம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் அப்படியே தொடரவில்லை. ஏ.ஆர். (ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்) போடுவோம், ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் போகும், ஒரு போலீஸ்காரர் வந்து கேட்பார், அவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் காக்கிச் சட்டையைப் பார்த்து ஓட மாட்டார்.

ஏ.ஆர். எழுதும்போது

ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர் போலீஸுக்கும் போகும், கோர்ட்டுக்கும் போகும், சமயத்தில் வீட்டாருக்கும் போகும். அதில் காயம், நேரம், இடம், எதனால் என்று நோயாளி சொன்னது, இவை இருக்க வேண்டும். அவர் யாரை விரும்புகிறார் என்பது அதில் வராது. செயலியில் பழகியவரை நம்பி ஆற்றங்கரைக்குப் போய், நான்கு பேர் அடித்து, பணத்தைப் பிடுங்கி, வீடியோ எடுத்து அனுப்பிய பையன்கள் வருகிறார்கள். எல்லோரும் முதலில் சொல்வது “பைக்ல விழுந்தேன்.” பைக்கில் விழுந்தவனுக்கு முதுகில் பெல்ட் தடம் எப்படி? அதை உரக்கக் கேட்காதீர்கள். திரைக்குள் போய், “நீங்க சொல்றத மட்டும்தான் எழுதுவேன். ஆனா அடிச்சாங்கன்னா அடிச்சாங்கன்னு இருந்தா பின்னாடி உதவும்” என்று சொல்லி யோசிக்க விடுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

பாலியல் வன்முறை என்றால் அது பெண்ணுக்கு மட்டும் நடப்பது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் இரண்டு மணி நேரத்தில் என்றால் மிக நல்லது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி, தேவைப்பட்டால் அவசரக் கருத்தடை மாத்திரை, திருநம்பிக்கும் சேர்த்து. உடைகளைக் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் கோத்துக் கெட்டுவிடும். ஆண்கள் மீதான வன்புணர்ச்சிக்குப் போடப்பட்ட பழைய 377ஆம் பிரிவுக்கு ஈடான பிரிவு புதிய நியாய சன்ஹிதாவில் இல்லை, அதனால் ஆண்கள் விஷயத்தில் எந்தப் பிரிவு என்று ஸ்டேஷனில் இழுபறி வரும். அது அவர்கள் பாடு. நம் காகிதத்தில் காயம் சரியாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துவிட்டு மீறுவது போன்ற பாவம் வேறில்லை.

கூட வந்தவர் யார்?

“பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?” என்று கூப்பிட்டால் ஜமாத்திலிருந்து (திருநங்கைகள் சேர்ந்து வாழும் அமைப்பு) ஐந்து பேர் வருவார்கள், குரு ஒருவர் “நான்தான் அம்மா” என்பார். அல்லது கலங்கிய கண்ணோடு ஒரு நண்பர் தூரத்தில் நிற்பார், கிட்டே வரமாட்டார். ரத்த உறவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பதினெட்டு வயது முடிந்து நினைவோடு இருப்பவரின் சம்மதம்தான் சம்மதம். நினைவில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் யார் கையெழுத்தும் இல்லாமலேயே டாக்டர் தொடங்கலாம். சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் ஒரு வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்தெடுத்த குடும்பமும் உண்டு என்று சொல்லியிருக்கிறது.

நினைவு தெளிந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, “உங்க விஷயமா நாங்க யார்கிட்ட பேசலாம், யார்கிட்ட பேசக் கூடாது?” என்று எழுதி வாங்குங்கள். கைரேகை போதும். மனநல சிகிச்சைக்கு இப்படி நியமிக்கப்பட்டவரைச் சட்டமே ஏற்கிறது. மற்ற சிகிச்சைகளிலும் அந்தத் தாள் கேஸ் ஷீட்டில் இருந்தால் இரவு டூட்டிக்கு வருபவருக்கு வழி தெரியும்.

அப்பாவோ அண்ணனோ வந்து, “இவன் எதுக்கு மருந்து குடிச்சான்?” என்று நம்மைக் கேட்பார்கள். பதில்: “உசுருக்கு என்ன நிலைமைன்னு டாக்டர் சொல்வாங்க. மத்ததை அவங்க கண் முழிச்சு அவங்களே சொல்லட்டும்.” அவர்களும் பயந்துதான் வந்திருக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், ரகசியத்தைக் கொடுக்காதீர்கள்.

நோயாளி இறந்துவிட்டால், வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத வீட்டார் வந்து, முடியை வெட்டி, வேட்டி சுற்றி எடுத்துப் போவதைப் பார்த்தும் நிற்க வேண்டியிருந்திருக்கிறது. நெருங்கிய உறவினர் இல்லாத இடத்தில் துணைவர் உடலைப் பெற வழி செய்யும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. உங்கள் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அறையில் அந்தக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

எந்த வார்டு?

அவரையே கேளுங்கள். திருநங்கை பெண்கள் பக்கம் வேண்டும் என்றால் அங்கே, நர்ஸ் மேசைக்குப் பக்கத்துக் கட்டிலில். திருநம்பி ஆண்கள் வார்டில் இரவு தனியாக இருப்பது சிக்கல், மூலைக் கட்டிலும் திரையும் தேவை. ஸ்டோர் ரூமில் ஒரு கட்டிலைப் போட்டுத் தனியே தள்ளுவதைச் சிலர் சலுகை என்று நினைக்கிறார்கள். அங்கே மானிட்டர் இருக்காது, கூப்பிட்டால் கேட்காது. எந்தக் கழிப்பறைக்குப் போக விருப்பம் என்று கேட்டு, முதல் முறை கூடவே போங்கள். வார்டு அம்மாவும் செக்யூரிட்டியும் உங்களைப் பார்த்துத்தான் நடந்துகொள்வார்கள். கைபேசி தூக்குபவரிடம் போய் நிற்கும் வேலையைச் செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

தஞ்சாவூருக்கு எழுதும்போது

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, மயிலாடுதுறையிலிருந்தும் அங்கேயோ, திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரிகளுக்கோ எழுதுவோம். புதிய இடம், புதிய கூட்டம், எல்லாக் கேள்வியும் முதலிலிருந்து. நோயாளிகள் வழியில் இறங்கிப் போவது இங்கேதான். ஆகவே போன் செய்து, எதிர்முனை டூட்டி டாக்டரிடம் நோயையும் அழைக்கும் பெயரையும் சொல்லிவிடுங்கள். ரெஃபரல் சீட்டில் ஹார்மோன், மாத்திரை எல்லாம் எழுதினால் அங்கே மறுபடி கேட்க மாட்டார்கள். 108 பைலட்டிடமும் (ஓட்டுநர்) இ.எம்.டி.யிடமும் (வண்டியில் இருக்கும் மருத்துவ உதவியாளர்) பெயரைச் சொல்லி, கூட ஒருவரை ஏற்ற வையுங்கள். அந்த ஒருவர் யார் என்பது அந்த வெள்ளைத்தாளில் இருக்கும்.

அனுப்பும்போது

வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கும் முன், வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அடித்தவனே அழைத்துப் போக வந்து நிற்கலாம். “இதைக் குணப்படுத்துற டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?” என்று பெற்றோர் கேட்டால், இது நோய் கிடையாது என்று சொல்லுங்கள். மாற்றுகிறேன் என்று வைத்தியம் செய்வதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தொழில்முறை ஒழுக்கக்கேடாக அறிவித்துவிட்டது. மனம் தாங்காத இரவுக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097. எண்களைச் சீட்டின் பின்னால் எழுதுங்கள், துண்டுப் பிரசுரம் கொடுத்தால் வீட்டில் யாராவது பார்ப்பார்கள்.

மறுபடி வர வேண்டிய தேதியை, நீங்கள் டூட்டியில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போடுங்கள். “செவ்வாய்க்கிழமை காலையில வாங்க, நான் இருப்பேன், வரிசையில நிக்காம நேரா இந்தக் கதவுக்கு வந்துடுங்க” என்றால் வருகிறார்கள். அப்புறம், கடைசி பஸ் போன பிறகு யாரையும் டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள். வேதாரண்யம் பக்கம் போக வேண்டியவரை இரவு பத்து மணிக்கு வெளியே விட்டால், அவர் விடியும்வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் “காலை 6 மணிக்கு” என்று எழுதினால் எந்த டாக்டரும் மறுத்ததில்லை.